காது ஜவ்வு கிழிந்தால் முதலில் எண்ணெய்க் கரண்டியைக் கீழே வையுங்கள்

ஹோலிக்கு நாலு நாள் இருக்கும்போது, சாயங்காலம் ஏழரை மணிக்கு, குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த ஸ்லோ லோக்கலில் வாசல் பக்கம் நின்றிருந்த என் தங்கை மகனுக்கு இடது காதில் ஒரு ஃபுக்கா வந்து அடித்தது. மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஃபுக்கா என்றால் பலூன். ஹோலி சமயத்தில் அதில் தண்ணீரை நிரப்பி, தண்டவாள ஓரத்தில் நின்றுகொண்டு ஓடுகிற ரயில் மேல் எறிவார்கள். எறிகிறவனுக்கு அது விளையாட்டு. ரயிலின் வேகமும் சேர்ந்துகொள்வதால் வாசலில் நிற்பவனுக்கு அது கல்லெறிதான்.

'டப்' என்று ஒரு சத்தம், உடனே ஊசி குத்தின மாதிரி ஒரு வலி, அப்புறம் அந்தப் பக்கமே பஞ்சு அடைத்த மாதிரி ஆகி 'கொய்ங்' என்ற இரைச்சல் மட்டும். சயானில் இறங்கியவனுக்குத் தலை சுற்றி, பிளாட்பாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். காதிலிருந்து வழிந்த தண்ணீரில் ரத்தம் லேசாகக் கலந்திருந்தது. தாராவியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வலி பாதி குறைந்திருந்தது, அதனால் வீட்டில் யாருக்கும் பெரிய பயமில்லை. கீழ் வீட்டு ஆச்சி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். மச்சான் மெடிக்கலுக்கு ஓடி ஒரு காதுச் சொட்டு மருந்து வாங்கிவந்தார். இன்னொருத்தர் பட்ஸை எடுத்து உள்ளே இருக்கிற ரத்தத்தைத் துடைத்துவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கரண்டியில் எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

அந்தக் கரண்டியை வாங்கி ஓரமாக வைத்தேன். ஏனென்றால் 2009-ல் என் காதிலும் இதே எண்ணெயை இதே பாசத்தோடு ஊற்றினார்கள். அப்போது நான் வேலை பார்த்த பட்டறையில் மேஸ்திரி கையால் வாங்கிய ஓர் அறையில் ஜவ்வு கிழிந்தது. எண்ணெய் ஊற்றினோம், சொட்டு மருந்து விட்டோம், மழைக்காலத்தில் நனைந்தபடி வேலைக்குப் போனேன், சீழ் பிடித்தது, ஒரு வருஷம் ஒழுகியது, கடைசியில் ஆபரேஷன். தானாக ஆறியிருக்க வேண்டிய ஒரு கிழிசலை நாங்களே ஆற விடாமல் செய்தோம் என்று அந்த ஆபரேஷன் செய்த டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காதுத் துளைக்குள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் போனால் வழி முடிகிற இடத்தில், கொஞ்சம் சாய்வாக, ஒரு சவ்வு இழுத்துக் கட்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் செவிப்பறை, நம் ஆட்கள் வாயில் காது ஜவ்வு, இந்தியில் கான் கா பர்தா. குறுக்களவு 8 முதல் 10 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கனத்துக்குள்ளும் மூன்று அடுக்கு இருக்கிறது: வெளியே தோல், நடுவில் நார், உள்ளே ஈரமான மெல்லிய சவ்வு. சத்தம் வந்து இதில் மோதினால் இது அதிர்ந்து, பின்னால் ஒட்டியிருக்கிற சுத்தி எலும்பை ஆட்டும், அது பட்டடை எலும்பை ஆட்டும், அது அங்கவடி எலும்பை ஆட்டும், அந்த மூன்றாவது எலும்பு உள்காதின் சின்ன ஜன்னலைத் தட்டும். ஜவ்வில் அதிர்கிற பரப்பு அந்த ஜன்னலைவிடச் சுமார் 17 மடங்கு பெரியது. பெரிய பரப்பில் வாங்கிய அழுத்தத்தைச் சின்ன இடத்தில் கொண்டுபோய்க் குவிப்பதால்தான் காற்றில் வருகிற மெல்லிய சத்தத்தால்கூட உள்காதில் இருக்கிற திரவத்தை அசைக்க முடிகிறது. ஜவ்வில் ஓட்டை விழுந்தால் இந்தக் குவிப்பு கெடுகிறது, காது மந்தமாகிறது. கூடவே இன்னொன்றும் கெடுகிறது. வெளியில் இருக்கிற தண்ணீரும் அழுக்கும் நடுக்காதுக்குள் போகாமல் காத்த கதவு அது, இப்போது அந்தக் கதவு திறந்து கிடக்கிறது.

சரி, ஓர் அறைக்கு எப்படிக் கிழிகிறது? கை ஜவ்வைத் தொடுவதே இல்லை. விரித்த உள்ளங்கை காதை மொத்தமாக மூடிக்கொண்டு விழும்போது, அந்த இரண்டரை சென்டிமீட்டர் குழாய்க்குள் இருக்கிற காற்று வெளியேற வழியில்லாமல் உள்பக்கமாக இடிக்கிறது. நம் பேச்சில் 'செவிட்டிலேயே ஒன்று விட்டான்' என்கிறோமே, அடி விழுகிற இடத்துக்கே செவிடு என்று பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவு நாளாக நமக்குத் தெரிந்த விஷயம் இது. அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள், எதிரில் நிற்பவரின் இடது காதில்தான் கை போய் விழும், அதனால் அறை வாங்கிக் கிழிகிற காது பெரும்பாலும் இடது காதாகவே இருக்கிறது. தண்ணீர் பலூனும், பக்கவாட்டில் வந்து படுகிற பந்தும், பக்கத்தில் வெடிக்கிற பட்டாசும், தண்ணீரில் குதிக்கும்போது காது முதலில் படுவதும் இதே கணக்குத்தான். பட்ஸ், தீக்குச்சி, ஹேர்பின் போட்டுக் குடையும்போது குழந்தை ஓடிவந்து கையைத் தட்டிவிட்டுக் கிழிவது தனி ரகம், அதில் எலும்புகளும் சேர்ந்து அடிபடலாம். வெல்டிங் பட்டறையில் தீப்பொறி காதுக்குள் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஓட்டையின் விளிம்பே வெந்துபோவதால் அது சுலபத்தில் ஆறாது. பைக் விபத்தில் மண்டையோட்டில் விரிசல் விட்டுக் காதில் ரத்தம் வந்தால் அது காது பிரச்சினையே இல்லை, நேராக எமர்ஜென்சிதான்.

இனி முக்கியமான இடம். அடிபட்டுக் கிழிந்த ஜவ்வுகளில் பத்தில் எட்டுக்கு மேல் தானாகவே மூடிக்கொள்ளும். சின்னது மூன்று நாலு வாரத்தில், பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வாரத்தில், பெரிய கிழிசலுக்கு மூன்று மாதம்வரை ஆகலாம். மருந்து போட்டால் இது வேகமாகாது. பிறகு எப்படி மூடுகிறது என்று எனக்கு டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை, இன்றைக்கும் அதை நினைத்தால் ஆச்சரியமாகவே இருக்கிறது.

உடம்பில் மற்ற இடங்களில் தோல் அடியிலிருந்து வளர்ந்து, மேலே வந்து உதிரும். காதுக்குள் உதிர்ந்தால் போக வழியில்லையே. அதனால் ஜவ்வின் வெளித்தோல் மட்டும் பக்கவாட்டில் நகர்கிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து குழாயின் சுவர் வழியாக வெளியே, கிட்டத்தட்ட நகம் வளருகிற வேகத்தில், நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. செத்த செல்களையும் அழுக்கையும் குறும்பியையும் தன் முதுகில் சுமந்துகொண்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. ஆரோக்கியமான காதைப் பட்ஸ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை என்று டாக்டர்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுதான் காரணம். ஜவ்வு கிழியும்போது இந்த நகர்கிற தோல்தான் உதவிக்கு வருகிறது. விளிம்பில் இருக்கிற செல்கள் பெருகி, ஓட்டையின் மேலே மெல்ல மெல்லப் பாலம் போடுகின்றன, முதலில் தோல் அடுக்கு குறுக்கே போய்ச் சேருகிறது, அதற்கு அடியில் பிறகுதான் நார் அடுக்கு வந்து நிரம்புகிறது. சில பேருக்கு நார் அடுக்கு சரியாக வராமல் அந்த இடம் மட்டும் மெல்லிய தாள் மாதிரி நின்றுவிடும். கேட்பதற்கு அதனால் பெரிய குறை இருக்காது, ஆனால் பலம் குறைவு.

இந்தப் பாலத்துக்கு வேண்டியது ஈரமும் கிருமியும் இல்லாத ஓர் இடம், அப்புறம் நாம் கை வைக்காமல் இருப்பது. தண்ணீரோ எண்ணெயோ உள்ளே போனால் நடுக்காதில் கிருமி பிடித்துச் சீழ் வரும். சீழ் வந்துகொண்டே இருந்தால் விளிம்பு மூட முடியாமல் அப்படியே தடித்து, உருண்டு, 'இதுதான் இனி என் எல்லை' என்று நின்றுவிடும். அப்புறம் அது ஆறாத ஓட்டை. என் காதில் நடந்தது அதுதான்.

சொட்டு மருந்தையும் பார்த்துவிடுவோம். மச்சான் வாங்கிவந்த பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: பாராடைக்ளோரோபென்சீன், பென்சோகெய்ன், குளோர்ப்யூட்டால், டர்பன்டைன் எண்ணெய். குறும்பியை இளக்குகிற மருந்து அது, ஜவ்வு முழுசாக இருக்கிற காதுக்கு. கிழிந்த காதில் விட்டால் நேராக நடுக்காதுக்குள் போய் எரிச்சல் கிளப்பும். கடைக்காரரிடம் 'காது வலி' என்று மட்டும் சொல்லிக் கேட்டிருக்கிறார், அவரும் கையில் கிடைத்ததைக் கொடுத்திருக்கிறார். வேறு சில சொட்டு மருந்துகளில் ஜென்டாமைசின், நியோமைசின் இருக்கும். அவை உள்காதில் சத்தத்தை உணர்கிற செல்களையே கெடுக்கக்கூடிய வகை, ஓட்டை இருக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை. சுத்தமாக, காய்ந்த நிலையில் இருக்கிற கிழிசலுக்குச் சொட்டு மருந்தே வேண்டாம், ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வேண்டாம், வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆனால் எங்கள் பையனுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பலூனில் இருந்தது எந்தத் தண்ணீரோ, அது உள்ளே போயிருக்கிறது என்பதால் டாக்டர் ஆஃப்லாக்சசின் சொட்டு மருந்து சில நாளைக்கு எழுதினார். அந்த வகை மருந்து உள்காதுக்குப் பாதகம் செய்யாது. ஆக, சொட்டு மருந்து என்றாலே கெடுதல் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. எந்த மருந்து, எதற்கு என்பதைக் காதுக்குள் பார்த்த ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேஸ் பேப்பர், அதாவது நோயாளிச் சீட்டு, வாங்குகிற வரிசையில் நின்றோம். மும்பையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. சயான், பரேல் கே.ஈ.எம்., நாயர், கூப்பர் என்று மாநகராட்சி நடத்துகிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம்தான், அரை நாள் போகும், ஆனால் காதைப் பார்க்கிறவர் காதைப் பார்க்கப் படித்தவர். பக்கத்துத் தெரு டாக்டரிடம் வெளிச்சக் கருவி இருந்தால் முதலில் அவரிடம் காட்டுவதில் தப்பில்லை. கருவியே வைக்காமல் ஊசி எழுதினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

டாக்டர் முதலில் காதுக்குள் கருவியை வைத்துப் பார்த்தார். பக்கத்துத் திரையில் எங்களுக்கும் காட்டினார். முத்துச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய ஜவ்வில் கீழ்ப்பாதியில் ஒரு கோணல்மாணலான கிழிசல், விளிம்பில் காய்ந்த ரத்தம், அதன் வழியே பின்னால் ஈரமாகப் பளபளக்கிற நடுக்காது. பழைய சீழ் ஓட்டை வழவழப்பான விளிம்போடு வட்டமாக இருக்கும், அடிபட்ட கிழிசல் இப்படித்தான் பிய்ந்த மாதிரி இருக்கும் என்றார். உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது கிடையாது, ரத்தக் கட்டியைக்கூடத் தேவையில்லாமல் நோண்டவில்லை.

அப்புறம் இசைக்கவை. 512 ஹெர்ட்ஸில் அதிர்கிற ஓர் இரும்புக் கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, 'சத்தம் எந்தக் காதில் கேட்கிறது?' என்றார். பையன் யோசிக்காமல் 'அடிபட்ட காதில்தான் பலமாகக் கேட்கிறது' என்றான். எங்களுக்குக் குழப்பம். டாக்டர் முகத்தில் நிம்மதி. இதை வீட்டிலேயே நீங்களும் செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அந்தச் சத்தம் எலும்பு வழியாக நேராக உள்காதுக்குப் போகிறது. ஜவ்வில் மட்டும் கோளாறு என்றால், வெளிச்சத்தம் அந்தப் பக்கம் குறைந்துவிட்டதால் முனகல் அடிபட்ட காதில் பலமாகக் கேட்கும். நல்ல காதுப் பக்கம் சாய்ந்து கேட்டால் உள்காதே அடிபட்டிருக்கலாம் என்று அர்த்தம். அப்படி இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உள்காது அடிபட்டால் சில சமயம் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள், அதை ஆரம்ப நாட்களிலேயே கொடுத்தால்தான் பலன். முனகிப் பார்த்தாயிற்று, டாக்டர் வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. அவசரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் அது.

உடனே ஓட வேண்டிய மற்ற அறிகுறிகள்: நிற்காத தலைச்சுற்றலும் வாந்தியும், முகம் ஒரு பக்கம் கோணுவது, கண் மூட முடியாமல் போவது, காதிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக எதுவோ சொட்டிக்கொண்டே இருப்பது, சுத்தமாகவே கேட்காமல் போவது. இதில் எது இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் போங்கள்.

இரண்டு நாள் கழித்துச் செவித்திறன் சோதனை. இதைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள், வலி போய்விட்டதே என்று. விடாதீர்கள். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனில் ஒவ்வொரு சுருதியாக அனுப்பிப் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். காகிதத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. எங்கள் பையனுக்கு நீலக் குறிகள் 35 டெசிபல் பக்கம் கிடந்தன. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துச் செய்த சோதனையில் 10. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற 25 டெசிபல் இடைவெளிதான் ஜவ்வின் பங்கு. உள்காது நன்றாக இருக்கிறது, சத்தம் போய்ச் சேருவதில்தான் தடை என்று அந்தக் காகிதம் சொல்கிறது. இடைவெளி 40-ஐயும் தாண்டினால் ஜவ்வு மட்டும் போகவில்லை, உள்ளே அந்த மூன்று எலும்புச் சங்கிலியில் ஒரு கண்ணி கழன்றிருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள், பெரும்பாலும் பட்டடைக்கும் அங்கவடிக்கும் நடுவில் இருக்கிற மூட்டு. அப்படியானால் ஜவ்வு அழகாக மூடிக்கொண்டாலும் காது சரியாகக் கேட்காது. முதல் சோதனைக் காகிதம் கையில் இல்லையென்றால் பிறகு எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

வீட்டுக்கு வந்தபின் இருப்பது ஒரே வேலை, காதைக் காய வைத்திருப்பது. சொல்வதற்குச் சுலபம். பத்துக்குப் பத்து அறையில் மோரி என்கிற ஓரத்துக் குளியல் மூலையில் பக்கெட் வைத்துக் குளிக்கிற வீடு எங்கள் தங்கை வீடு. நாங்கள் செய்தது இது: ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை எடுத்து, வெளிப்பக்கம் முழுக்க வாசலைன் தடவி, காது வாசலில் அடைத்துக்கொண்டு கழுத்துக்குக் கீழே குளிப்பது. வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளேதான் கொண்டுபோகும், வாசலைன் தடவினால்தான் தண்ணீர் வழுக்கிப் போகும். குளித்து முடித்ததும் பஞ்சை எடுத்துவிட வேண்டும், நாள் முழுக்க அடைத்து வைத்தால் உள்ளே புழுங்கும். தலைக்குக் குளிக்கும்போது தங்கை பின்னாலிருந்து சொம்பில் ஊற்றிக் காதைக் கையால் மறைத்துக்கொண்டாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மூன்று மாதத்துக்கு ரத்து. இதில்தான் ஆச்சிக்கு வருத்தம், உடம்பு சூடாகிவிடும் என்று. தலையில் தேய்க்கிற எண்ணெய் காதுக்குள் வழிந்தால் என்ன ஆகும் என்று என் கதையைச் சொன்னபிறகு அவரே காவலுக்கு நின்றார்.

மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் இருக்கிறது, பலமாகச் சிந்தினால் சளியும் காற்றும் அதன் வழியே ஏறி, பாதி போட்ட பாலத்தை உள்ளிருந்து தள்ளும். சிந்தும்போது கிழிந்த காதில் 'புஸ்' என்று காற்று வெளியேறுவது சிலருக்குக் கேட்கும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். காதுக்குள் செருகுகிற புளூடூத் இயர்ஃபோன் வேண்டாம், அது வியர்வையை உள்ளே பூட்டும், பத்தொன்பது வயசுப் பையனிடம் இதைச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தது குளியலைவிடக் கஷ்டம். ஜவ்வு கிழிந்தது ஜூன், ஜூலையில் என்றால் மும்பை மழையில் சாரல் பக்கவாட்டில்தான் அடிக்கும், குடை போதாது, காதை மூடுகிற தொப்பியோ ரெயின்கோட்டின் தலைமூடியோ வேண்டும். விமானப் பயணத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஓட்டை இருக்கும்போது காற்றழுத்தம் அதன் வழியே தானாகச் சமமாகிவிடும் என்பதால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. மூடிக்கொண்டிருக்கிற சமயத்திலும், ஆபரேஷன் முடிந்த வாரங்களிலும் கேட்காமல் ஏறாதீர்கள்.

மும்பையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சி.எஸ்.டி. ரயில் நிலைய வாசலிலும் ஆசாத் மைதானத்துப் பக்கமும் சிவப்புத் தலைப்பாகையில் பஞ்சும் கம்பியும் செருகிக்கொண்டு காது சுத்தம் செய்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலில் கை பழகியவர்கள், அவர்கள் பிழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு கம்பியை ஒரு காதிலிருந்து அடுத்த காதுக்குக் கொண்டுபோகிற இடத்தில் கிழிந்த காதைக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். 'உள்ளே பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு' என்று அங்கே போய் உட்காருகிறவர்களில் சிலருக்கு இருப்பது குறும்பி அடைப்பே இல்லை.

மூன்று மாதமாகியும் மூடவில்லை என்றால்? அப்போதுதான் ஆபரேஷன் பேச்சு. கிழிந்த மறுவாரமே தைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எலும்போ முகநரம்போ அடிபட்ட மாதிரி தனிக் காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். நடுவில் ஓர் எளிய வழியும் இருக்கிறது. ஓட்டையின் மேல் ஒரு மெல்லிய தாள் துண்டை ஒட்டிவைப்பது. தோல் செல்கள் ஊர்ந்துபோக அது ஒரு சாரம் மாதிரி, வேலை முடிந்ததும் நகர்கிற தோலே அதை வெளியே கொண்டுவந்து தள்ளிவிடும். 1887-லேயே பாஸ்டனில் கிளாரன்ஸ் பிளேக் என்ற டாக்டர் இதைச் செய்து எழுதியிருக்கிறார், சிகரெட் சுற்றுகிற தாளைக்கூட இதற்கு வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 1640-ல் மார்கஸ் பான்சர் என்பவர் தந்தத்தில் செய்த சின்னக் குழாயின் வாயில் பன்றியின் மூத்திரப்பைத் தோலை இழுத்துக் கட்டிக் காதுக்குள் செருகிப் பார்த்திருக்கிறார். ஆறும் என்று தெரியாத காலத்தில் மனுஷர்கள் என்னவெல்லாம் யோசித்திருக்கிறார்கள்.

இப்போது செய்கிற ஆபரேஷன் 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் சோல்னரும் மைக்ரோஸ்கோப்பை வைத்து ஒழுங்குபடுத்திய முறையின் வழியில் வந்தது. காதுக்கு மேலே பொட்டுப் பக்கம் மெல்லும்போது அசைகிற தசை இருக்கிறதே, அதன் மேல் போர்த்தியிருக்கிற மெல்லிய உறையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, காயவைத்து, ஜவ்வுக்குப் பின்பக்கமாக ஒட்டு மாதிரி வைப்பார்கள். கிழிந்த வேட்டிக்கு உள்பக்கம் துணி கொடுப்பது போல. சிலருக்குக் காதுக்கு முன்னால் இருக்கிற குருத்தெலும்பின் மேல் சவ்வை எடுப்பார்கள். தையல் கிடையாது, கரையக்கூடிய பஞ்சு மாதிரி ஒன்றை இரண்டு பக்கமும் வைத்து அது நகராமல் பார்த்துக்கொள்வார்கள். பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு வருஷம் சீழில் ஊறின காது என்பதால் கேட்பது முழுசாகத் திரும்பவில்லை, இன்றைக்கும் போன் வந்தால் வலது காதில்தான் வைப்பேன். ஜப்பானில் 2019 முதல், வளர்ச்சியைத் தூண்டுகிற ஒரு மருந்தைப் பஞ்சில் நனைத்து ஓட்டையில் வைக்கிற சிகிச்சைக்கு அனுமதி இருக்கிறது. வேறு இடத்தில் வெட்டி ஒட்டுத் துண்டு எடுக்காமலே மூட வைக்கிற வழி அது.

ஆறாத ஓட்டையை அப்படியே வைத்துக்கொண்டு வாழலாமா என்றால், வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சளிக்கும் ஒவ்வொரு குளியலுக்கும் ஒழுகும். அதைவிடப் பெரிய பயம், வெளித்தோல் கிழிசலின் விளிம்பு வழியாக உள்பக்கம் மடங்கிப்போய் நடுக்காதில் வளர ஆரம்பிப்பது. வெளியே நகர வேண்டிய தோல் உள்ளே மாட்டிக்கொண்டு அடுக்கடுக்காக உதிர்ந்து சேர்ந்து, சுற்றியிருக்கிற எலும்பை அரிக்கும். வெடிவிபத்தில் சுக்குநூறாகக் கிழிந்த ஜவ்வுகளில் இதைக் குறிப்பாகப் பார்ப்பார்கள். அதனால்தான் மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அவசியம் போகச் சொல்கிறேன்.

கடைசியாக, அறையைப் பற்றி. காதுப் பிரிவின் வெளிநோயாளர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு நாளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் 'கதவில் இடித்துக்கொண்டேன்' என்றார், கதவு காதுக்குள் காற்றை இடிக்காது. ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் அம்மா 'பந்து பட்டது' என்று சொல்லும்போது பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். அடித்ததில் கிழிந்தது என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் அதைச் சட்டம் சார்ந்த கேஸாகப் பதிவு செய்வார்கள், கிழிசலின் படமும் செவித்திறன் காகிதமும் தேதியோடு பதிவில் நிற்கும். ஆறின பிறகு போய்க் கேட்டால் காட்ட எதுவும் மிஞ்சாது. ஒரே ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனாலும் அது கொடுங்காயம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவு வரிசையில் சொல்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தின் 320-லும் அது இருந்தது. பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடைசெய்கிறது. நான் அந்த மேஸ்திரியின் பெயரை எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, வேலை போய்விடுமே என்ற பயம். அதே பட்டறையில் எனக்கு அப்புறம் வந்த பையனுக்கும் அவர் கை ஓங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மாநகராட்சி ஆஸ்பத்திரிகளோடு பாந்த்ராவில் இருக்கிற அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1983 முதல் இருக்கிற மத்திய அரசு நிறுவனம், செவித்திறன் சோதனைக்கென்றே ஆட்களும் கருவிகளும் உள்ள இடம்.

எட்டாவது வாரம் எங்கள் பையனைக் கொண்டுபோய்க் காட்டினோம். திரையில் கிழிசல் இருந்த இடத்தில் சுற்றியுள்ளதைவிடக் கொஞ்சம் வெளுப்பாக ஒரு பிறை தெரிந்தது, அவ்வளவுதான். மூடிவிட்டது, ஆனால் மெல்லிசு, இன்னும் ஒரு மாதம் தலையைத் தண்ணீருக்குள் முக்காதே என்றார் டாக்டர். மே மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போனார்கள். தாமிரபரணிப் படித்துறையில் மற்ற பசங்கள் எல்லாம் குதிக்கும்போது இவன் இடுப்பளவுத் தண்ணீரில், காதில் வாசலைன் பஞ்சோடு, சொம்பால் மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டு நின்ற படத்தைத் தங்கை அனுப்பினாள். ஜூன் இரண்டாவது வாரம் மறுபடி சோதனை. நீலக் குறிகள் 15-இல் நின்றன.